ஆல்பம் முதலில், அச்சு பிறகு

சிவகாசிப் பக்கத்து ஆனைக்குட்டம் அணைக்கரையில்தான் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தவன் என் அக்கா மகன். பெங்களூரில் மென்பொருள் வேலை. போன வாரம் ஊருக்கு வந்தவன், தினமும் காலை ஒன்பதரைக்குக் கரையில் நின்றபடியே ஆபீஸ் கூட்டத்தை முடித்தான். ‘ஸ்டாண்ட்-அப்’ என்று பேராம். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்யப் போகிறோம், எது இடிக்கிறது என்று கால் மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று நிற்க வைக்கிறார்கள்.

“இதுக்கா மாப்ள இவ்வளவு சம்பளம்?” என்றேன்.

“இதுதான் மாமா அஜைல்” என்று பாடம் எடுத்தான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் பதினேழு பேர் கூடி ஓர் அறிக்கை எழுதினார்களாம். இரண்டு வருஷம் பாடுபட்டு முழுசாகக் கட்டிக் கொடுத்து, “நான் கேட்டது இது இல்லையே” என்று பேச்சு வாங்குவதை விட, கொஞ்சம் செய், காட்டு, திருத்து, மேலே போ. அவ்வளவுதான். புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இதே யோசனையை எரிக் ரீஸ் 2011-ல் புத்தகமாக்கினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, இது எங்களுக்குப் பழகிய கதை. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசிக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆல்பம் அன்றைக்குத்தான் வெளிவரும். முருகன், லட்சுமி, இயற்கைக் காட்சி, குழந்தைப் படம் என்று மாதிரிகள் மட்டும். ஏஜென்ட் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். நகைக்கடைக்காரர் புரட்டிவிட்டு, “அம்மன் முகம் சரியில்லை, தேதி எழுத்து பெரிசா இருக்கணும்” என்பார். அந்தக் குறை அச்சகத்துக்கு வரும். ஆர்டர் விழுந்த பிறகுதான் கடையின் பேர் போட்டு மொத்தமாக அடிப்பார்கள். விற்குமா என்று தெரியாமல் யாரும் காகிதம் வாங்கிக் குவிப்பதில்லை. அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “மாமா, இதை எங்க கம்பெனியில ஒழுங்கா செஞ்சா போதும்” என்றான். கூட்டம் நின்றுகொண்டே நடக்கிறதாம். வாடிக்கையாளரைத்தான் வருஷக்கணக்கில் பார்க்கவில்லையாம்.

இந்த ஊர்த் தொழிலே ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்ததுதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து 1923-ல் இங்கே தொடங்கினார்கள். முதலில் வெளிநாட்டு இயந்திரம். அது கட்டுப்படியாகவில்லை என்றதும் கைவேலைக்கு மாறினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சகம் வந்தது. தீக்குச்சியிலிருந்து வண்ண மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து வெடி. ‘குட்டி ஜப்பான்’ எனப்படும் இந்த ஊருக்கு யாரும் முதலிலேயே வரைபடம் போட்டு உட்காரவில்லை. கைவேலை செய்த அந்த மலிவான கைகளில் குழந்தைகளின் கைகளும் நெடுங்காலம் இருந்தன என்பதையும் சொல்லாமல் விட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

ஆனால் வெடிக்கு இந்தப் பாடம் பாதிதான் பொருந்தும். ‘தேவை கடைசி நேரத்தில் மாறினாலும் வரவேற்போம்’ என்கிறது அஜைல். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்றது. நவம்பர் 6 தீபாவளி. சரக்கு ஏற்கெனவே லாரி ஏறிவிட்டது. நிரலை ஒரே ராத்திரியில் மாற்றலாம். கட்டி முடித்த சரத்தை என்ன செய்வது?

‘சீக்கிரம் தோற்றுக் கற்றுக்கொள்’ என்று மென்பொருள்காரர்கள் சொல்வதை வெடிமருந்து அறையில் பேசவே கூடாது. சின்னச் சின்ன அளவாக வேலை செய் என்பது அங்கேயும் உண்டு. ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது, கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும். அங்கே அது வேகத்துக்காக அல்ல, உயிருக்காக. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அங்கே இரண்டாவது வெர்ஷன் கிடையாது.

வீட்டில் சாப்ட்வேர் பிள்ளை இருந்தால், வருகிற ஆடிக்குப் பிறகு ஒரு நாள் காலண்டர் ஏஜென்டோடு அனுப்பி வையுங்கள். ஆல்பத்தை அவனே தூக்கட்டும், கடைக்காரர் திட்டுவதை அவனே கேட்கட்டும்.