தின்னப்படுவதற்கென்று ஒரு செடி

நோயாளி ஒருவர் படுத்திருக்கும் வீட்டில் குழந்தைகளுக்கு மிஞ்சுவன கட்டளைகளே: சத்தம் போடாதே, அருகில் போகாதே. அவர்களிடம் ஒரு பூந்தொட்டியைக் கொடுத்து, இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்கென ஒரு செடி வளர்க்கச் சொல்லலாம் என்பது எங்கள் கருத்து.

விளக்கைச் சுற்றும் விட்டில் என்று நாம் தட்டிவிடும் இந்த உயிர்களில் ஏறத்தாழ 1,60,000 இனங்கள் உலகில் உள்ளன. துணியை அரிப்பவை அவற்றுள் மிகச் சிலவே. இரவில் மணக்கும் வெண்ணிறப் பூக்களில் மகரந்தம் சேர்ப்பவை பல; கொல்லையிலுள்ள பப்பாளி காய்ப்பதற்கும் சில துணைபுரிகின்றன.

தொடக்கத்திற்கு ஒரு நந்தியாவட்டை போதும். பச்சை நிறப் பெரிய அந்துப்பூச்சி ஒன்று அதன் இலையில் முட்டையிடுவதுண்டு. புழுவும் பச்சையே; தலைப்பக்கம் நீலக் கண் போன்ற இரு புள்ளிகள், வாலில் சிறு கொம்பு. இலையோடு இலையாக இருப்பதால் எளிதில் தென்படாது. தரையில் மிளகுபோல் உதிர்ந்துகிடக்கும் எச்சத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். சில நாளில் ஒரு கிளை மொட்டையாகிவிடும். சோதனை அப்போது பெற்றோருக்குத்தான். கை தானாகப் பூச்சிமருந்தைத் தேடும். பொறுத்திருங்கள். இலை மீண்டும் துளிர்க்கும். வளர்ந்த புழு பழுப்பேறிக் கீழிறங்கிச் சருகுகளிடையே கூட்டுப்புழுவாகும். ஆகவே தொட்டியடிச் சருகைப் பெருக்கித் தள்ள வேண்டாம். இரவில் பால்கனி விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

மருத்துவமனை இதழாகையால் எச்சரிக்கையும் எங்கள் கடமை. இதே புழு அரளியிலும் வளரும். ஆனால் அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. சிறுவருள்ள வீட்டிற்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நந்தியாவட்டையின் பாலும் கண்ணிலோ வாயிலோ படலாகாது. முருங்கையில் மொய்க்கும் கம்பளிப்பூச்சியைத் தொட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். உரோமமுள்ள எந்தப் புழுவையும் தொடக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக்குங்கள். தொட்டித் தட்டில் நீர் தேங்கினால் வருவது டெங்குக் கொசு.

புற்றுநோய்ச் சிகிச்சையாலோ உறுப்புமாற்றத்தாலோ நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேளாமல் மண்ணையும் மக்கிய சருகையும் கையாளக் கூடாது. அவர்கள் சன்னல் வழியே பார்க்கட்டும். இன்று எத்தனை இலை மிச்சம் என்று பிள்ளை வந்து சொல்லட்டும்.