பதினொரு மணிக்கு நண்பகலாகும் நகரம்

பிள்ளைகள் ஐரோப்பாவிலே குடியேறிவிட்ட குடும்பங்களில் இப்பொழுது ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. பெற்றோர் இரண்டு மூன்று மாதம் தங்கிவர அங்கே செல்கிறார்கள். பிள்ளைகளுக்கோ வேலை, வீட்டுக் கடன், குழந்தைகளின் பள்ளிக்கூடம். ஆயினும் வந்த பெரியவர்களை நாலு சுவருக்குள் இருத்திவைக்க அவர்கள் மனம் ஒப்புவதில்லை. “எங்கேயாவது இரண்டு நாள் போய் வருவோம்” என்று தொடங்கும் பேச்சு, ஹோட்டல் வாடகையைக் கண்டதும் நின்றுபோகும். கடந்த ஆனி மாதம் வியென்னாவிலே என் மகன் வீட்டிலும் அவ்வாறுதான் நடந்தது.

மகன் பிராக் நகரைக் காட்ட விரும்பினான். உலகம் முழுவதும் பார்க்க விரும்பும் நகரம் அது. ஆகையால் அங்கே கட்டிலின் விலையும் உலகம் முழுவதற்கும் உரிய விலையாகவே இருந்தது. ஐந்து பேருக்கான கணக்கை மருமகள் ஒரு தாளிலே எழுதிக் கூட்டினாள். கூட்டி முடித்ததும் ஒன்றும் பேசாமல் தாளை மடித்து வைத்தாள்.

“பிர்னோவுக்குப் போவோம்” என்றேன் நான்.

“அங்கை என்ன அப்பா இருக்கு?”

“பட்டாணி” என்றேன்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன். உயர்தர வகுப்புக் கரும்பலகையில் மெண்டலின் பட்டாணிக் கட்டங்களை எத்தனை தடவை வரைந்தேன் என்பதற்கு எண்ணிக்கை இல்லை. அந்தப் பட்டாணி முளைத்த மண் பிர்னோவிலே இருக்கிறது. வியென்னாவிலிருந்து புகையிரதத்தில் ஒன்றரை மணி நேரப் பயணம். பிராக்கிலிருந்து வருபவர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்.

பெயரைப் பற்றி முதலிலே ஒரு வார்த்தை. செக் மொழியில் அதை எழுதும்போது உயிரெழுத்து கடைசியில் ஒன்று மட்டுமே உண்டு. முன்னால் நிற்கும் மூன்று மெய்களையும் ஒரே மூச்சில் உருட்டிவிடுகிறார்கள். மெய்யெழுத்தைச் சொல்லின் முதலில் நிறுத்தாத நம்முடைய நாவுக்கு அது இயலாத காரியம். ஆகவே நான் நடுவில் ஓர் இகரத்தைச் செருகியிருக்கிறேன். செக் மக்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

செக் நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் இது. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் வாழ்கிறார்கள். முற்காலத்தில் நெசவாலைகளால் செழித்த ஊர். இப்பொழுது பல்கலைக்கழகங்களின் ஊர். பல்லாயிரம் மாணவர் படிக்கும் இடத்தில் சோற்றுக்கடையும் தேநீர்க்கடையும் மாணவரின் சட்டைப்பையை நினைத்தே விலை வைத்தாக வேண்டும் அல்லவா? பிர்னோ மலிவாக இருப்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான். கோடை விடுமுறையில் பல்கலைக்கழக விடுதி அறைகளையும் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நாங்கள் சமையலறையோடு கூடிய ஒரு சிறு வீட்டை எடுத்தோம். ஆனால் வர்த்தகக் கண்காட்சியோ மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப் போட்டியோ நடைபெறும் நாட்களில் இங்கேயும் வாடகை ஏறிவிடும். திகதியை முதலிலே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்தோம். செவ்வாய் காலை திரும்புவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை காலையில் முதலாம் இலக்க ட்ராம் வண்டியில் ஏறி மெண்டல் சதுக்கத்தில் இறங்கினோம். அங்கே ட்ராமுக்குச் சில்லறை தேடித் திரிய வேண்டியதில்லை; வங்கி அட்டையை வண்டிக்குள் இருக்கும் கருவியில் தொட்டால் போதும். மடாலயத்தின் வாயிலை அடைந்தோம். அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை!

பாட ஆயத்தம் செய்யாமல் வகுப்புக்குள் நுழைந்த ஆசிரியனைப் போல நான் நின்றேன். மறுநாள் காலைப் புகையிரதத்துக்கு மருமகள் மலிவாக வாங்கி வைத்திருந்த ரிக்கற்றுகள் மாற்ற முடியாதவை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். “மாமா, பார்த்திட்டே போவம்” என்றாள். மடித்து வைத்த அந்தத் தாள் எனக்கு நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

இதை எழுதுவதன் நோக்கம் யாதெனில், ஞாயிறும் திங்களும் சேரும்படி அங்கே போகாதீர்கள். செவ்வாயிலிருந்து வெள்ளிக்குள் போய் வாருங்கள். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்வதற்குள் மணியோசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மடாலயத்திலிருந்து திரும்பி மரக்கறிச் சந்தைக்கு வந்தோம். நகரத்தின் நடுவே சரிவான ஒரு சதுக்கம். பல நூறு ஆண்டுகளாக அங்கே சந்தை கூடுகிறது. நடுவிலே 1690களில் எழுந்த பெரியதொரு நீரூற்று, குகை போன்ற பாறை வடிவில். கட்டுக் கட்டாக நோக்கோல் குவிந்திருந்ததைக் கண்டு என் இல்லாள் பிறந்தகத்தைக் கண்டவள் போலானாள். அப்பக் கடையிலே கசகசாவை அரைத்து இனிப்போடு நடுவில் வைத்த வட்ட அப்பங்கள். நாம் குழம்புக்குப் போடும் கசகசாவை அவர்கள் பலகாரத்துக்குப் பிடிபிடியாய்ப் போடுகிறார்கள். கடைக்காரரிடம் “தொப்ரீ தென்” என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். சொல்லாவிட்டால் முகம் கொடுக்கமாட்டார்கள். சொன்னால் ஒரு பழம் கூடுதலாகவே விழுகிறது.

சந்தைக்கு மேலே ஒரு குன்று. குன்றின் மேல் பேதுரு பவுல் பேராலயம். அங்கிருந்து மணியோசை எழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொரு மணி. அந்த ஊரிலே நண்பகல் மணியைப் பதினொரு மணிக்கே அடிக்கிறார்கள். 1645ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுச் சேனாதிபதி தொர்ஸ்டென்சன் பெரும் படையோடு பிர்னோவை முற்றுகையிட்டான். மாதக் கணக்காகியும் நகரம் பணியவில்லை. ஆவணி 15ஆம் நாள் இறுதித் தாக்குதல். அன்று நண்பகலுக்குள் பிடிபடாவிட்டால் முற்றுகையைக் கைவிடுவேன் என்று அவன் சூளுரைத்தானாம். அதை அறிந்த நகரத்தார் ஒரு மணி நேரம் முன்னதாகவே நண்பகல் மணியை அடித்துவிட்டார்களாம். முற்றுகை தோற்றது சரித்திரம். மணி அடித்த கதை கர்ணபரம்பரை. எவ்வாறாயினும், இன்றும் பதினொன்றுக்கே அவர்களுக்குப் பன்னிரண்டு.

இதிலே பயணிக்கு ஒரு பயன் உண்டு. வேலை நாட்களில் பிர்னோவின் உணவுச்சாலைகள் அந்த நேரத்திலேயே மதிய உணவைத் தொடங்கிவிடுகின்றன. வாசலில் ஒரு பலகை. அதிலே அன்றைய உணவு வகைகள். செக் மொழியில் இதைத் ‘தென்னி மெனு’ என்பார்கள். அலுவலகத்து ஊழியரும் கட்டட வேலையாளும் பேராசிரியரும் ஒரே மேசையிலே உட்கார்ந்து உண்ணும் சாப்பாடு இது. முதலில் சூப், பின்பு பிரதான உணவு. இரவிலே அதே கடையில் அதே உணவுக்குக் கணிசமாகக் கூடுதல் கொடுக்க வேண்டிவரும். ஒருவருக்கு ஏறத்தாழ ஏழு, எட்டு யூரோவில் எங்கள் வயிறு நிறைந்தது. செக் நாட்டில் யூரோ நாணயம் அல்ல, கொருனா வழங்குகிறது. யூரோ ஒன்றுக்கு இருபத்தைந்து கொருனா அளவில் கணக்கிட்டுக்கொண்டால் போதும். ஒரு மணிக்குப் பின் சென்றால் நல்ல வகைகள் தீர்ந்துவிடும். சனி ஞாயிறுகளில் பெரும்பாலும் இந்த மலிவுச் சாப்பாடே கிடையாது. வாரநாட்களில் போகச் சொன்னதன் மற்றைய காரணம் இதுதான்.

மரக்கறி உண்பவர்கள் அஞ்ச வேண்டாம். உள்ளிச் சூப் உண்டு. ஆனால் அதில் இறைச்சித் துண்டு மிதக்கக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள். பொரித்த பாற்கட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் எங்கும் உண்டு. எனக்குப் பிடித்தது புளிப்புச் சேர்த்துக் கடைந்த பருப்பு. அவர்கள் அதன்மேல் ஒரு முட்டையை வைத்துத் தருகிறார்கள். முட்டையைப் பேத்தியிடம் தள்ளிவிட்டுப் பருப்பை நான் உண்டேன். ஒரு பிடி சோறு இருந்திருந்தால் வேறொன்றும் வேண்டியிராது.

பேத்தியும் மகனும் சற்றுத் தாமதமாகவே மேசைக்கு வந்தார்கள். சுதந்திரச் சதுக்கத்தில் 2010ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கருங்கல் மணிக்கூடு ஒன்று நிற்கிறது. துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவம். அதைப் பார்த்து நேரம் அறிந்த மனிதர் அரிது. ஆயினும் நாள்தோறும் பதினொரு மணிக்கு அதன் நான்கு துளைகளில் ஒன்றிலிருந்து ஒரு கண்ணாடிக் குண்டு உருண்டு விழும். துளைக்குள் கையை வைத்திருப்பவருக்கு அது சொந்தம். எந்தத் துளை என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் பிள்ளையின் துளையில் விழவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டனாருக்கு விழுந்ததாம்.

பிற்பகலில் காசு கொடுக்காமலே பார்க்கக்கூடியவற்றைப் பார்த்தோம். பழைய நகர மண்டபத்தின் வாயிலிலே கல்லில் செதுக்கிய ஐந்து கோபுர முனைகள். நடுமுனை மட்டும் கோணலாக முறுக்கி நிற்கிறது. சொன்ன கூலியை நகரத்தார் கொடுக்கவில்லை என்பதால் சிற்பி பில்கிராம் அதைக் கோணலாக்கினார் என்பது ஊர்க்கதை. உள்ளே கூரையிலே ஒரு முதலை தொங்குகிறது. பிர்னோ மக்கள் அதைப் பறவைநாகம் என்றே அழைக்கிறார்கள்; முதலையைக் கண்டறியாத காலத்தில் வைத்த பெயர் போலும். ஷ்பில்பேர்க் கோட்டையின் குன்றிலே ஏறினோம். ஒரு காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் கொடுஞ்சிறை. இப்பொழுது மாலை நேரத்தில் குழந்தைகள் ஓடி விளையாடும் பூங்கா. டூகன்ஹாட் மாளிகையைத் தெருவிலே நின்று பார்த்தோம். 1929, 1930 ஆண்டுகளில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே அமைத்த வீடு அது. உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. உள்ளே செல்ல மாதங்களுக்கு முன்னரே இடம் பதிய வேண்டும். சந்தேகமிருந்தால் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். கட்டடக்கலை பயிலும் மாணவர்கள் மட்டும் விடக்கூடாது. மண்டையோடுகள் அடுக்கிய நிலவறை ஒன்றும் நகரிலே புகழ்பெற்றது. என் இல்லாள் அதைக் கேள்விப்பட்டதும் தலையை ஆட்டிவிட்டாள்.

செவ்வாய் காலை மடாலயத்தின் கதவு திறந்தது.

மெண்டல் வறிய கமக்காரரின் மகன். 1822இல் பிறந்தவர். தந்தையார் விபத்தில் காயமடைந்து உழைக்க முடியாது போனபின் படிப்புக்குப் பணமில்லை. பட்டினியும் நோயும் அவரை வாட்டின. 1843இல் இந்த மடத்திலே சேர்ந்தது, இறையன்பினால் மட்டுமன்று, வயிற்றுப்பாட்டின் கவலை நீங்கிப் படிக்கலாம் என்பதனாலும்தான். பின்பு ஆசிரியர் தகுதிப் பரீட்சையில் 1850இல் தோற்றார். 1856இல் மறுபடி முயன்றும் தேறவில்லை. பரீட்சையில் தவறிய என் மாணவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு. அதே 1856இல்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆராய்ச்சியை ஆரம்பித்தார். எட்டு ஆண்டுகள். ஒரு பரிசோதனையில் மட்டும் 5474 உருண்டை விதைகளும் 1850 சுருங்கிய விதைகளும் எண்ணப்பட்டன, மூன்றுக்கு ஒன்று. 1865இல் இந்நகரத்து இயற்கை விஞ்ஞானச் சங்கத்தில் இரண்டு மாலைகளில் அதை வாசித்தார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உலகம் அதை உணர்ந்தது 1900ஆம் ஆண்டிலே. அவர் இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின்.

முற்றத்திலே அவருடைய பழைய கண்ணாடி வீட்டின் அத்திவாரம் இருக்கிறது. அதன்மேல் 2022இல், இருநூறாவது பிறந்தநாளையொட்டி, புதிய கண்ணாடிக் கூரை எழுப்பியிருக்கிறார்கள். பேத்தி முதல்நாள் சந்தையில் வாங்கிய பச்சைப் பட்டாணியைச் சட்டைப்பையில் வைத்திருந்தாள். உரித்து, உருண்டை எது, சுருக்கம் எது என்று கேட்டாள். பச்சையில் தெரியாது, உலர்ந்த பிறகே தெரியும் என்றேன். “அப்ப வியென்னாவுக்குக் கொண்டு போவம், அப்பப்பா” என்று மறுபடி பையில் போட்டுக்கொண்டாள்.

மெண்டலுக்கு ஒரு தங்கை இருந்தாள். பெயர் தெரேசியா. அண்ணனின் படிப்பு நின்றுவிடாதிருக்கத் தன் சீதனத்தில் ஒரு பகுதியை அவள் விட்டுக்கொடுத்தாள். பின்னாளில் மடாதிபதியான மெண்டல், அவளுடைய ஆண்மக்கள் மூவரையும் படிப்பிக்க உதவினார், இருவர் வைத்தியராயினர். பாடப்புத்தகத்தில் இது இல்லை. நானும் முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு வகுப்பிலேனும் இதைச் சொன்னதில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நான் போன ஆண்டிலே என் அக்காவின் இரண்டு காப்புகள் அடகுக்குப் போயின. மீட்க முடியாமல் அறுதியாகிவிட்டன. அக்காவுக்குப் பின்பு நான் என்ன செய்தேன் என்று இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. எழுதுவதற்கு அதிகம் இல்லை.

அருங்காட்சியகத்திலே மடாலயத்துத் தேவாலயத்தின் படம் பதித்த தபாலட்டை ஒன்று வாங்கினேன். அந்தச் செங்கல் தேவாலயம் விதவையான ஓர் அரசி 1323இல் நிறுவிய கன்னியர் மடத்துக்கு உரியதாக இருந்தது. தபாற் கந்தோரைத் தேடிப் போனபோது, வெளிநாட்டு முத்திரையின் விலையைக் கேட்டு மருமகள் சிரித்தாள். “போகட்டும் மாமா, ரிக்கற்றே போச்சு” என்றாள். மாலைப் புகையிரதத்துக்குப் புதிதாக ரிக்கற் வாங்கியதையும் சேர்த்து, மொத்தச் செலவு பிராக்குக்குப் போட்ட கணக்கிலே பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே வந்தது.

தபாலட்டை நாங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் கரவெட்டிக்கு வந்து சேர்ந்தது. அக்கா உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். தேவாலயப் படத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளையின்ரை பேர் என்ன எண்டு எழுதியிருக்கிறாய்? எழுத்து விளங்கேல்லை.”

தெரேசியா என்றேன்.