ராகத்துக்கு இடமில்லை

கணினியில் கச்சேரி சேர்க்கும் கர்நாடக ரசிகர்கள் ஃபோல்டரை விட மறுப்பது பழக்கதோஷத்தால் மட்டுமல்ல. எம்பி3 கோப்பின் வாலில் பாட்டின் விவரங்களை ஒட்டிவைக்கும் ஐடி3 'டேக்' 1996இல் வந்தபோது அதற்கு ஒதுக்கிய இடம் 128 பைட். தலைப்புக்கு 30, பாடகருக்கு 30, இசை வகைக்கு ஒன்று. 1998இல் வந்த பதிப்பு இயற்றியவருக்கும் கட்டம் தந்தது. ராகத்துக்கென்று இன்றும் கிடையாது. 'குறிப்பு' மூலையில் திணிக்கலாம். திணித்தாலும், ஆங்கிலத்தில் ஒருவர் 'எச்' சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் எழுதிய தோடி, கணினிக்கு இரண்டு ராகம். (இந்துஸ்தானி தோடியோ நமக்குச் சுபபந்துவராளி!) வரிசை எண் இல்லாவிட்டால் அகரவரிசையில் வர்ணத்துக்கு முன்பே மங்களம் பாடிவிடும். ஆனால் கேசட்டிலிருந்து மாற்றிய பழைய கச்சேரியை ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்தால், பாடியவர் யார், எந்த ஆண்டு என்பதெல்லாம் போச்சு. அதற்காகவாவது டேக் எழுதத்தான் வேண்டும்.