நீர்க்கணக்கை நாமே படிப்போம்



மழை பொய்த்தால் காவிரியில் தண்ணீர் மட்டுமா குறைகிறது? நம் நிம்மதியும் குறைகிறது. 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு வழங்கியது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் கர்நாடகத்தில் தமிழர் குடிசைகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். 2016-லும் பெங்களூரில் வன்முறை மூண்டது. அணையைத் திறப்பதும் மூடுவதும் கூலிக்காரனா?

வதந்திக்கு மருந்து கணக்குத்தான். நமது ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மேலே உள்ள கிருஷ்ணராஜசாகரின் முழு மட்டம் 124.80 அடி, கொள்ளளவு சுமார் 49 டி.எம்.சி. அன்றாட மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் இணையத்தில் வெளியிடுகிறது. கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஒரு நாள் முழுவதும் விநாடிக்கு 11,574 கன அடி விட்டால்தான் ஒரு டி.எம்.சி. ஆகும். இது தெரிந்தவனிடம் "ராத்திரியோடு ராத்திரியாக அணையைக் காலி செய்துவிட்டார்கள்" என்ற கதை செல்லுமா? வெளியேற்றம் ஏறும்போது ஆற்றோரக் குடும்பங்களுக்கும் அதுவே முன்னெச்சரிக்கை.

2018-ல் குடகில் பெருவெள்ளம். 2023-ல் மாநிலமெங்கும் வறட்சி. பருவநிலை மாறிவருகிறது, இத்தகைய ஆண்டுகள் இனியும் வரும். மண்டியா விவசாயியும் தஞ்சை விவசாயியும் ஒரே மேகத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

ஆகவே, படித்த நம் பிள்ளைகள் தினமும் அந்தக் கணக்கைத் தமிழிலும் கன்னடத்திலும் தெருப் பலகையில் எழுதட்டும். கன்னடச் சகோதரரும் நின்று படிக்கட்டும். உண்மை தெரிந்த தெருவில் கல்லெறிபவனுக்குக் கூட்டுச் சேராது!