குடை கொடுத்தவர்களும் குடியேறியவர்களும்

தம்பி!

கட்டணம் வேண்டாம், சும்மா ஏறிக்கொள். ஏறினால் கையில் ஒரு குடையும் தருகிறோம் - இப்படியொரு கருணை மழை நமது தூத்துக்குடித் துறைமுகத்திலே பொழிந்த கதையை மேடைகளிலே நீ கேட்டிருப்பாய். 1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வ. உ. சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டிலே 'காலியா', 'லாவோ' எனும் இரு கப்பல்கள் இங்கிருந்து கொழும்புக்கு ஓடின. அதுவரை அந்தக் கடலைத் தன் வீட்டுக் கொல்லைக் குளமென்று எண்ணியிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு உறக்கம் போயிற்று. கட்டணத்தைக் குறைத்தது. குறைத்ததை மேலும் குறைத்தது. பிறகு கட்டணமே இல்லையென்றது; கடைசியில் குடையையும் நீட்டியது என்று நம் ஊர் வரலாறு கூறுகிறது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டியாளன் போன பிறகு யாருக்குக் குடை? எதற்குக் குடை?

அந்தக் குடையைக் கைநீட்டி வாங்கியவன் மூடன் அல்லன், தம்பி. பிழைப்புத் தேடிக் கடல் கடக்கும் ஏழைக்கு வெயிலும் உண்டு, மழையும் உண்டு. குடை ஒரு பெரும்பொருள்தான். வாங்கினவனைப் பழித்துப் பயனில்லை. கொடுத்தவனின் கணக்கைத்தான் பார்க்கவேண்டும். இன்று நம் சட்டைப் பைக்குள்ளே நுழைந்து உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகளின் கணக்கையும் அப்படித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

திரேஸ்புரத்துக் கரையிலே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தம் புதுக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, இதை நான் கேட்கவில்லை, இது யார்? போ என்றால் போகமாட்டேன் என்கிறதே!" என்றார். திரையிலே அவர் நாடாத, பெயரும் அறியாத செயலிகள் ஏழெட்டு. அவற்றுள் ஒன்று, ஊருலகம் அறிந்த சமூக ஊடகம். அழுத்திப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். 'முடக்கு' என்று ஒரு பொத்தான் வந்ததே தவிர, 'நீக்கு' என்று ஒன்று வரவேயில்லை. எந்த நிறுவனம், எந்தச் செயலி என்பது இங்கு வேண்டாம். ஒன்றல்ல, பலவற்றின் கதை அது.

கல்லூரியைப் பாதியிலே விட்டு மேடைக்கு வந்தவன் பொறியியல் பேசுகிறானே என்று நகைக்காதே. பொறியியல் அல்ல இது, குடியிருப்புச் சண்டை. கைப்பேசிக்கு உயிரூட்டுவது இயங்குதளம். அது வீட்டின் அடித்தளம், சுவர், கூரை. செயலி என்பது நாமே பார்த்து, பேசி, உள்ளே விடும் குடித்தனக்காரர். பிடிக்காவிட்டால் காலி செய்யச் சொல்லலாம். அந்தக் குடித்தனக்காரரையே கொத்தனார் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டால் எப்படிக் காலி செய்வது?

இந்தப் பூச்சு வேலை மேலை நாட்டிலே தொடங்கியது. 2011 அக்டோபரில் ஐபோனின் இயங்குதளத்திற்குள்ளேயே ட்விட்டரை இணைத்தார்கள். 2012 செப்டம்பரில் பேஸ்புக்கையும் இணைத்தார்கள். வரவேற்றவர் பலர், அதை மறைக்கவேண்டுவதில்லை. எடுத்த படத்தை ஒரே தொடுதலில் ஊருக்குக் காட்டலாம், நண்பர்களின் பிறந்தநாள் தானாகவே நாட்காட்டியில் வந்து நிற்கும் - நல்ல வசதிதானே! ஆனால் அதே 2012-இன் நடுவிலே என்ன நடந்தது? பேஸ்புக், தன் பயனர்களின் பக்கங்களிலே அவர்கள் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரியை ஒதுக்கிவிட்டுத் தன் பெயர் கொண்ட முகவரியைத் தானே காட்டிக்கொண்டது. தொடர்புகளை ஒத்திசைத்திருந்த சிலருடைய கைப்பேசிப் புத்தகத்திலும் நண்பரின் உண்மை முகவரி போய், பேஸ்புக் முகவரி வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்காரன் உறங்கும்போது குடித்தனக்காரன் வாசற்பலகையை மாற்றிய கதை!

மக்கள் வாய்மூடி இருந்தார்களா? இல்லை. 2013 ஏப்ரலில் பேஸ்புக் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. கைப்பேசியின் முகப்பையே தன் முகமாக்கும் 'ஹோம்' என்பதை வெளியிட்டது. அதற்கென்றே எச்டிசி நிறுவனம் ஒரு கைப்பேசியும் செய்தது. அமெரிக்காவிலே 99 டாலருக்கு விற்க வந்த அதை, ஒரே மாதத்தில் 99 சென்ட்டுக்குக் கூவி விற்க நேர்ந்தது. வாங்குவோர் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. வாங்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். ஐபோனுக்குள் பூசிவைத்த ட்விட்டர், பேஸ்புக் இணைப்புகளும் 2017-இல் பெயர்த்தெடுக்கப்பட்டன.

அங்கே அது வசதியைப் பற்றிய வழக்கு. நம் நாட்டிலே அது வாசலைப் பற்றிய வழக்காயிற்று.

2015 பிப்ரவரியில் பேஸ்புக்கும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் கைகோத்து ஆறு மாநிலங்களிலே ஒரு திட்டம் தொடங்கின. அந்த ஆறில் தமிழ்நாடும் ஒன்று. முதலில் 'இன்டர்நெட்.ஆர்க்' என்றார்கள், பிறகு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். அவர்கள் பொறுக்கித் தரும் சில தளங்களைக் காசின்றிப் பார்க்கலாம். அந்தச் சிலவற்றிலே பேஸ்புக்கும் உண்டு - அதைச் சொல்லவும் வேண்டுமா! வேலி போட்ட ஒரு முற்றத்தைக் காட்டி, இதுவே உலகம் என்றார்கள். ஏழை எளியவர்க்கு இணையம் கொடுக்கிறோம், தடுக்காதீர்கள் என்று நாளிதழ்களிலே முழுப்பக்க விளம்பரம் செய்தார்கள்.

குடை, தம்பி, அதே குடை! துணி புதிது, பிடி பழையது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்டது. 2015 ஏப்ரலிலேயே, இணையத்தின் நடுநிலை காக்கப்படவேண்டுமென்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஆணையத்துக்குப் பறந்திருந்தன. மாணவர், பொறியாளர், கடைக்காரர், கலைஞர் என்று பலரும் எழுதினார்கள். ஆண்டின் இறுதியிலே பேஸ்புக் எதிர்ப்படை திரட்டியது. எப்படி? தன் தளத்திற்குள் வருவோர் கண்முன்னே ஒரு பொத்தானை வைத்தது. அழுத்தினால் போதும், எழுதிவைத்த ஆதரவுக் கடிதம் ஆணையத்துக்குப் போய்விடும். அழுத்தியவர் இலட்சக்கணக்கானோர். கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறொன்று என்று ஆணையமே குறைபட்டுக்கொண்டது. வீட்டுக்குள் குடியேறியவன், வீட்டுக்காரன் பெயராலே மனுவும் போட்டான், பார்த்தாயா?

2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் தீர்ப்புரைத்தது: எந்தத் தளத்தைப் பார்க்கிறாய் என்பதைக் கொண்டு கட்டணத்தில் வேறுபாடு காட்டுதல் கூடாது! மூன்றே நாளில் 'ஃப்ரீ பேசிக்ஸ்' இந்தியாவிலிருந்து மூட்டை கட்டிற்று. அப்போது பேஸ்புக்கின் இயக்குநர் குழுவிலிருந்த மார்க் ஆண்ட்ரீசன் என்ற பெருந்தனக்காரர், காலனி ஆட்சியை எதிர்த்ததே இந்தியர்க்குப் பொருளாதாரக் கேடு என்ற பொருள்பட ட்விட்டரில் எழுதிவிட்டார். பிறகு அழித்தார், வருத்தமும் தெரிவித்தார். அந்தக் கருத்து தம்முடையதன்று என்று பேஸ்புக்கின் தலைவர் சக்கர்பெர்க்கும் ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கட்டும். ஆனால் குடையின் பிடியிலே என்ன பெயர் பொறித்திருந்தது என்பதை ஒரு நொடி நாமும் படித்துவிட்டோம்.

வாசலிலே தோற்றவர்கள் சுவர் வழியாக வந்தார்கள். கைப்பேசி செய்யும் அறுபதுக்கும் குறையாத நிறுவனங்களோடு பேஸ்புக் தகவல் பகிரும் ஒப்பந்தங்கள் வைத்திருந்தது 2018 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் வாயிலாக வெளிவந்தது. 2019 ஜனவரியிலே, சில சாம்சங் கைப்பேசிகளில் பேஸ்புக்கை முடக்கலாமே தவிர நீக்க முடியாது என்று பயனர்கள் குமுறியது செய்தியாயிற்று. முடக்கினால் அது நீக்கியதற்குச் சமம்தான் என்று சமாதானம் சொன்னார்கள். சமமென்றால் நீக்கவே விட்டிருக்கலாமே!

நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கதவைத் தட்டிக்கொண்டு வரும் கொடியவனுக்கு அரங்கிலே அஞ்சுவோர் குறைவு. முதற்காட்சியிலேயே அவன் வீட்டுக்குள் இருக்கவேண்டும். காப்பி கொண்டுவந்து கொடுக்கவேண்டும். ஐயா, சாவி எங்கே வைத்தீர்கள் என்று அன்போடு கேட்கவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்கிறாயா? 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலே தன் செயலிக் கூட்டத்தை முன்கூட்டியே ஏற்றச் செய்ததற்காக கூகுள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. முன்கூட்டி ஏற்றிய தன் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக்கூடாது என்றும் கட்டளையிட்டது. பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை வந்துவிட்டது என்று மகிழ்கிறாயல்லவா? பொறு. 2023 மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதி செய்தது. நீக்கும் உரிமை பற்றிய அந்தக் கட்டளையை மட்டும், வேறு மூன்றோடு சேர்த்து, தள்ளிவிட்டது! தண்டம் அரசின் கருவூலத்துக்கு. உரிமை மட்டும் உனக்கு இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, இயங்குதளத்துக்கு இன்றியமையாதவை நீங்கலாக மற்றச் செயலிகளைப் பயனர் எளிதில் நீக்க வழி செய்தாக வேண்டுமென்ற விதி 2024 மார்ச் முதல் பெரு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. அங்குள்ளவனுக்கு ஆகும், நமக்கு ஆகாதா?

நிறுவனம் செய்தால் குற்றம், அரசு செய்தால் குணமா? 2025 நவம்பர் இறுதியிலே ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை, 'சஞ்சார் சாத்தி' எனும் தன் செயலியைப் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் 90 நாட்களுக்குள் ஏற்றி வைக்கவேண்டுமென்று ஆணையிட்டது. திருட்டுப்போன கைப்பேசியைத் தேடவும், மோசடியைத் தடுக்கவும் உதவுவது என்றார்கள், உதவக்கூடியதுதான், மறுக்கவில்லை. நல்லதென்றால் மக்கள் தாமே தேடி ஏற்றிக்கொள்வார்களே, சுவருக்குள் வைத்து ஏன் பூசவேண்டும் என்று நாடே கேட்டது. விரும்பாதவர் நீக்கிக்கொள்ளலாம் என்றார் அமைச்சர், டிசம்பர் 2-இல். மறுநாளே, டிசம்பர் 3-இல், கட்டாய ஆணை திரும்பப் பெறப்பட்டது. மக்கள் முணுமுணுத்தால் ஒன்றுமில்லை. உரக்கக் கேட்டால் ஒரு வாரத்துக்குள் ஆணை பறக்கிறது.

தூத்துக்குடிக்காரனுக்கு இதிலே தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாம் நாள். அன்றும் மறுநாளுமாக நடந்த துப்பாக்கிச் சூட்டிலே 13 உயிர்களைப் பறிகொடுத்தோம். நடந்ததை நாடு கண்டது கைப்பேசிகளின் கண்ணாலேயும்தான். அடுத்து என்ன செய்தார்கள்? 23-ஆம் நாள், தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாட்களுக்கு இணையத்தை நிறுத்த ஆணை பிறந்தது. மருத்துவமனையில் கிடப்பவன் எப்படி இருக்கிறான் என்று கேட்கக் கடல் கடந்திருந்த உறவுகள் தவித்தன. ஆகவே, இந்தச் செயலிகளே வேண்டாம், தூக்கிக் கடலில் எறி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எழுதத் தெரியாத தாய்மார், துபாயிலிருக்கும் மகனுக்குக் குரல் அனுப்புகிறார்கள். காற்று மாறினால் படகுக்குப் படகு செய்தி போகிறது. அந்தப் பயன் நமக்கு வேண்டும். எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்ற முடிவு மட்டும் நம் கையில் இருக்கவேண்டும்.

முத்துக்குளிப்பு நடந்த நாட்களை எண்ணிப்பார். தூத்துக்குடிப் பார்களிலே 1961-இல் நடந்ததுதான் கடைசி. மூச்சடக்கி மூழ்கியவன் கொண்டுவந்த சிப்பியை மூன்று கூறாக்குவார்கள். இரண்டு கூறு அரசுக்கு, ஒரு கூறு குளித்தவனுக்கு. அநியாயப் பங்கீடு என்பேன் நான். ஆனாலும் குவியல் கண்ணெதிரே இருந்தது. எண்ணிப் பார்க்க முடிந்தது. தன் கூறைத் தான் அள்ளிக்கொண்டு போக முடிந்தது. இன்றோ உன் தொடர்புப் பட்டியல், நீ நின்ற இடம், நீ நடந்த வழி, யாரோடு எப்போது பேசினாய் என்ற குறிப்பு - இவையெல்லாம் சிப்பிகள். மூழ்குவதும் நீ, மூச்சடக்குவதும் நீ. குவியல் எங்கே இருக்கிறது? எத்தனை கூறு போட்டார்கள்? உன் கூறு எது?

நம் வீட்டையும் சற்றுப் பார்த்துக்கொள்வோம். வாக்காளர் ஒருவரின் எண் கைக்குக் கிடைத்ததும், கேட்காமல் கொள்ளாமல் அவரை வாட்ஸ்அப் குழுவிலே சேர்த்து, காலை ஆறு மணிக்கே வாழ்த்துப் படம் அனுப்பும் கிளைச் செயலாளர்கள் இருக்கிறார்கள். அவர் விலகுகிறார், இவர் மீண்டும் சேர்க்கிறார். கேட்காமல் உள்ளே வந்து உட்காருகிறவன் நம் கொடியைப் பிடித்திருந்தால் மட்டும் அவன் விருந்தாளி ஆகிவிடுவானா? சேர்க்கும் முன் ஒரு சொல் கேள், விலகினால் விட்டுவிடு.

நீக்கும் உரிமையைச் சட்டமாக்கு என்று நாடாளுமன்றத்திலே கேட்கவேண்டியவர்கள் கேட்கட்டும். கேட்கும்படி நாம் செய்வோம். அதுவரை கைகட்டி இருக்கவேண்டாம். ஞாயிறு, கடலுக்குப் போகாத நாள். பனிமய மாதா கோயிலிலே பூசை முடிந்து வருவோர் வரட்டும். படிப்பகத்துத் திண்ணையிலே இரண்டு பலகை போடு. வருபவரின் கைப்பேசியை நீ வாங்கி நீயே செய்துவிடாதே. அவர் விரலாலேயே செய்யச் சொல். 'அமைப்புகள்' என்ற பகுதிக்குள் போய், வேண்டாத செயலி நீங்குமா என்று முதலில் பார்க்கட்டும், நீங்காவிட்டால் முடக்கட்டும். பிறகு 'அனுமதிகள்' - தொடர்புகள், ஒலிவாங்கி, இருப்பிடம் என்று ஒவ்வொன்றாக, எந்தச் செயலிக்கு எதற்குக் கொடுத்திருக்கிறோம் என்று படித்துக்காட்டு. இருப்பிடத்தை மட்டும் ஒரேயடியாக மூடிவிடச் சொல்லாதே. கரை திரும்பும் வழி காட்டுவதும், புயல் எச்சரிக்கை சொல்வதும் அதை நம்பியிருக்கலாம். அவற்றுக்குக் கொடுத்து, மற்றதற்கு மறுக்கட்டும். நண்பகலுக்குள் முடித்துவிடு, தம்பி. வெயில் தாழ்ந்ததும் அவர்கள் வலை பின்ன உட்கார்ந்துவிடுவார்கள்.