விறகா, கரியா? இங்கிலாந்தில் கணப்புப் பிரச்னை

இங்கிலாந்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கடும் குளிர். வீட்டுக்குள் கதகதப்பு இல்லாவிட்டால் முதியவர்களும் குழந்தைகளும் நோயில் விழுவார்கள்.

அங்கே பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் வழியே எரிவாயு வருகிறது. அதில் தண்ணீரைக் காய்ச்சி, அந்தச் சுடுநீரை அறைக்கு அறை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குகிறார்கள்.

2021-ல் ஏறத் தொடங்கிய எரிவாயு விலை, 2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் மளமளவென்று உயர்ந்தது. "பாட்டன் காலத்துக் கணப்பு சும்மாதானே கிடக்கிறது? அதை மூட்டினால் என்ன?" என்று பலர் எண்ணினார்கள்.

கணப்பு என்பது சுவரில் பதித்த திறந்த அடுப்பு. புகை போக அதன் மேல் ஒரு புகைபோக்கி இருக்கும்.

சூடு எங்கே போகிறது?

திறந்த கணப்பு பார்க்க அழகுதான். ஆனால் அது தரும் சூட்டில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் புகைபோக்கி வழியே வெளியே போய்விடுகிறது!

கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு அப்படி அல்ல. அதற்குள் காற்று அளவோடுதான் நுழையும். எனவே நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை சூடு அறைக்குக் கிடைக்கிறது.

சிறிய அறைக்குப் பெரிய அடுப்பு கூடாது. சூடு தாங்காமல் காற்றை அடைத்தால் தீ மங்கும், புகை பெருகும். புகைபோக்கியில் தார் படியும். அந்தத் தார் தீப்பற்றினால் வீட்டுக்கே ஆபத்து.

ஈர விறகு வேண்டாம்

அப்போது வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீர். அதை எரித்தால் தண்ணீரைக் காய்ச்சவே சூடு செலவாகும். அறையில் சூடு இராது, புகைதான் மிஞ்சும். ஓரிரு ஆண்டுகள் காற்றாட அடுக்கி உலர்த்திய விறகே நல்லது.

2021 மே முதல் இங்கிலாந்தில் ஈர விறகைச் சிறு கட்டுகளாக விற்கத் தடை வந்தது. வீட்டு நிலக்கரியை மூட்டையில் விற்பதும் நின்றது. புகை குறைந்த கரியை விற்கலாம்.

புகை கற்பித்த பாடம்

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை நிலக்கரிப் புகை மூடியது. சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சியாளர்கள் 12,000 வரை இருக்கலாம் என்றார்கள். அதன் பிறகே, 1956-ல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் திறந்த கணப்பில் விறகு எரிக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற அடுப்பில் மட்டுமே எரிக்கலாம். மீறிப் புகை விட்டால் 300 பவுன் வரை அபராதம்.

வெளியே தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. புகைபோக்கி அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு அறையில் தங்கிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைத் துப்புரவு செய்ய வேண்டும். அபாய மணிக் கருவியும் வைக்க வேண்டும்.

யார் எரிக்கலாம்?

விறகு எரிப்போரில் பலர் வசதி உள்ளவர்கள். அவர்கள் வீட்டில் எரிவாயுவும் இருக்கிறது. கணப்பு ஓர் அலங்காரம். அவர்கள் விறகைக் கைவிட்டால் நஷ்டம் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை நல்ல காற்றைச் சுவாசிக்கும்.

வேறு வழியே இல்லாத ஏழைக்கு இது அலங்காரம் அல்ல. நல்ல அடுப்பு வாங்க அவனிடம் பணமும் இல்லை. அவனுக்கு அபராதச் சீட்டை மட்டும் நீட்டினால் போதாது. குளிர் தாங்க உதவியும் செய்ய வேண்டும்.