காசு கும்பிடுறதுக்கில்லை

2020 டிசம்பர் 12 அன்று தாய்லாந்து மத்திய வங்கி, மன்னர் வஜிரலொங்கோர்னின் முடிசூட்டு நினைவாக 100 பாத், 1000 பாத் தாள்களை வெளியிட்டது. வழமையான 100 பாத் தாள் சிவப்பு. புதுத் தாளில் மஞ்சள் தூக்கலாக இருந்தது. மன்னர் பிறந்த திங்கட்கிழமைக்கு அங்கே உரிய நிறம் மஞ்சள். 1000 பாத் தாளோடு குழம்புது எண்டு சனம் முறைப்பட்டது. அன்றாடம் உழைக்கிறவருக்கு அந்தக் குழப்பம் ஒருநாள் சம்பளம்.

"ஞாபகார்த்தம்தானே, இதில என்ன அரசியல்?" எண்டு கேட்பார்கள். திகதியைப் பாருங்கோ. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் தம்மசாத் பல்கலைக்கழக மாணவர்கள் முடியாட்சியைச் சீர்திருத்தும் 10 கோரிக்கைகளை மேடையில் வாசித்தார்கள். நவம்பரில், கொஞ்சக் காலம் பாவிக்காமல் வைத்திருந்த 112ஆம் பிரிவை அரசு திரும்பவும் கையில் எடுத்தது. மன்னரை அவமதித்தால் ஒரு குற்றச்சாட்டுக்கு 3 முதல் 15 வருடம் வரை சிறை. டிசம்பரில் தாள் வந்தது. 2021 ஜனவரியில், ஒலிப்பதிவுகளைப் பகிர்ந்த ஒரு முன்னாள் அரச ஊழியருக்கு 43 வருடச் சிறை.

"மக்கள் மன்னரை நேசிக்கினம்" என்பது அடுத்த பதில். நேசிக்கிற பலர் இருக்கலாம். அப்படியெண்டால் 15 வருடச் சட்டம் எதுக்கு?

முத்திரையோ பதாகையோ பிடிக்காவிட்டால் விலகிப் போகலாம். காசை விட்டு விலக ஏலாது. பால்மாவுக்கும் பஸ்ஸுக்கும் அந்த முகத்தைத்தான் நீட்ட வேண்டும். அதனாலதான் ஆள்கிறவர்களுக்குக் காசுத்தாளில் அவ்வளவு ஆசை.

எங்களுக்கும் இது தெரியாத கதையில்லை. 2009 நவம்பரில் எங்கட மத்திய வங்கி 1000 ரூபா ஞாபகார்த்தத் தாள் ஒன்றை வெளியிட்டது. முன்பக்கம் இரு கைகளையும் உயர்த்திய மகிந்த ராஜபக்ச. பின்பக்கம் கொடியேற்றும் இராணுவத்தினர். முடி இல்லாத மன்னர். அந்த நேரம் எங்கட சனம் மெனிக் பாம் முட்கம்பிக்குள் இருந்தது. "சமாதானம்" என்று அச்சடித்த அந்தத் தாளைத்தான் நாங்களும் கடையில் நீட்டினோம்.

நோர்வேயிலும் அரசர் இருக்கிறார். ஆனால் அங்கே 200 குரோனர் தாளில் இருப்பது ஒரு மீன். அதால அரசருக்கு ஒரு குறைவும் வரவில்லை.

நாங்கள் கேட்பது சின்ன விசயம். ஆட்சியில் இருக்கிற எவருடைய முகமும் காசில் வேண்டாம், அவர் மன்னராக இருந்தாலென்ன, ஜனாதிபதியாக இருந்தாலென்ன. மரியாதை எண்டால் அதை மறுக்கவும் இடம் இருக்க வேண்டும். பேர்சுக்குள்ள திணிச்சு வைக்கிறதுக்குப் பேர் மரியாதை இல்லை.